நெடுந்தீவில் கோயில் கட்டும் வேலைக்குத் தொண்டராகப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நெடுந்தீவில் ஒரு சிறிய கோயிலைத் திருத்திக் கட்டும் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து மூன்று முறை போய் வந்தேன். அதைக் கேள்விப்பட்ட நண்பர்களும் பங்குமக்களும் முன்பின் தெரியாதவர்களும் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

நெடுந்தீவு எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பாக்குநீரிணையில் சனம் வாழும் தீவுகளில் பெரியவற்றில் ஒன்று, இதுதான் தூரமும். சுமார் 50 சதுர கிலோமீற்றர், தட்டையான நிலம், அதில் சில ஆயிரம் சனம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ் ஓடும். அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம். கடல் மனம் வைத்தால் ஒரு மணி நேரம் என்று திருத்திச் சொல்ல வேண்டும். காற்று மாறினால் படகு ஓடாது. திரும்பும் விமானத்துக்கு முந்திய நாள்தான் தீவிலிருந்து புறப்படுவேன் என்று திட்டம் போடாதீர்கள். குறைந்தது மூன்று நாள் இடைவெளி வையுங்கள்.

எனக்குக் கட்டட வேலை எதுவும் தெரியாது. போய் என்ன செய்வேன்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். முதல் முறை போகும்போது நானும் கேட்டேன்.

சுமக்கப் போகிறீர்கள். வேலையில் பாதி அதுதான். தரைநாட்டில் ஒரு லொறி வந்து கட்டடத்தின் வாசலில் மணலைக் கொட்டிவிட்டுப் போய்விடும். தீவில் அப்படி இல்லை. சீமெந்து மூட்டை யாழ்ப்பாணத்தில் லொறியில் ஏறும், குறிகட்டுவானில் இறங்கும், படகில் ஏறும், நெடுந்தீவு இறங்குதுறையில் மறுபடி இறங்கும், லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏறும், கோயில் வளவில் இறங்கும். ஒவ்வொரு மூட்டையும் 50 கிலோ. கடல் தண்ணீர் தெறிக்காமல் ஒவ்வொன்றையும் தறப்பாளால் மூட வேண்டும். நனைந்த மூட்டை இரண்டு நாளில் கல்லாகிவிடும்.

அப்புறம் தண்ணீர் அள்ளுவது, கலவையைச் சட்டியில் எடுத்துக் கொடுப்பது, போட்ட கொங்கிரீட்டுக்கு ஒரு வாரமாவது காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது, பழைய கல்லைத் துப்புரவாக்கி அடுக்குவது. இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம். முதுகும் பொறுமையும் வேண்டும்.

சுவர் கட்டுவது, மட்டம் பார்ப்பது, கூரை மரம் ஏற்றுவது எல்லாம் தீவு மேசனுக்கும் ஓடாவிக்கும் (தச்சருக்கும்) உரிய வேலை. உங்களுக்கு ஆசையாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஒருநாள் மேசன் கரண்டியை என் கையில் கொடுத்து இரண்டு வரி கட்டவிட்டார். மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்பே அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டியிருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தச் சுவர் அவருடைய பேரப்பிள்ளைகளின் தலைக்கு மேலே நிற்கப்போவது. அவர் செய்ததுதான் சரி.

விமானச் செலவுக்கான காசை அப்படியே அனுப்பினால் தீவு ஆட்களுக்கே வேலை கிடைக்குமே? போவது வீண் இல்லையா?

நியாயமான கேள்வி. சில சமயம் பதில் ஆம் என்பதுதான். கோயில் வேலைக்குக் கை இருக்கிறது, காசு இல்லை என்று பங்குத்தந்தை சொன்னால் காசை அனுப்புங்கள், நீங்கள் போக வேண்டாம். உங்கள் ஒரு ஆளின் பயணச் செலவு தீவில் ஒரு மேசனுக்கும் உதவியாளுக்கும் பல வாரக் கூலி. நீங்கள் போவதால் அந்த உதவியாளின் கூலி குறைகிறது என்றால் அது தொண்டே இல்லை. என் மூன்றாவது பயணத்துக்கு முன் இதை நேராகவே கேட்டேன். “கூலிக்கு ஆள் பிடிக்கக் காசு இருக்கு, ஆள்தான் இல்லை. பொடியள் எல்லாம் கடலுக்குப் போயிட்டாங்கள், மிச்சம் யாழ்ப்பாணத்திலை” என்றார் மூப்பர், கோயில் காரியம் பார்க்கும் ஊர்ப் பெரியவர். அதைக் கேட்ட பிறகுதான் டிக்கெட் எடுத்தேன்.

தீவிலிருந்து இளம் ஆட்கள் வெளியேறுவது நீண்ட காலமாக நடக்கிறது. படிப்புக்குப் போனவர்கள் திரும்புவது குறைவு. கோயில் வேலைக்குச் சிரமதானம் (கூலியில்லாக் கூட்டு வேலை) என்று கூப்பிட்டால் வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பக்கத்தில் நின்று மூட்டை தூக்க ஒரு பத்துப் பேர் பத்து நாளைக்கு வருவது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பத்து நாள் எது என்று அவர்கள் சொல்லட்டும்.

என் முடிவு இது. கூப்பிட்டால் போங்கள். கூப்பிடாவிட்டால் காசு அனுப்புங்கள். இரண்டும் செய்ய முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள். நாமே திட்டம் போட்டு, நாமே வரைபடம் வரைந்து, “உங்களுக்குக் கோயில் கட்டித் தருகிறோம்” என்று போய் இறங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

யாருடைய அனுமதி வேண்டும்?

கத்தோலிக்கக் கோயில் என்றால் முதலில் ஆயர். திருச்சபைச் சட்டத்தின் 1215ஆம் பிரிவின்படி, மறைமாவட்ட ஆயரின் எழுத்துமூலமான வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கோயில் எதுவும் கட்டக்கூடாது. நெடுந்தீவு யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குள் வருகிறது. அடுத்தது பிரதேச சபையின் கட்டட அனுமதி. பழைய கட்டடத்தில் கைவைப்பது என்றால் தொல்லியல் திணைக்களத்திடமும் கேட்டுக்கொள்வது நல்லது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலக் கட்டட எச்சங்கள் தீவில் உண்டு. இதெல்லாம் பங்குத்தந்தையின் பொறுப்பு. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “கடிதம் வந்துவிட்டதா?” வரவில்லை என்றால் வரும்வரை பொறுங்கள்.

விசா?

இலங்கைக்குச் சுற்றுலா விசாவில் போகிறவர் அங்கே வேலை செய்யக்கூடாது, அது கூலி இல்லாத வேலையாக இருந்தாலும் சரி. எந்த விசா பொருந்தும் என்று தூதரகத்திலும், உங்களை அழைக்கும் மறைமாவட்டத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எந்த மாதம் நல்லது?

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் வாடைக்காற்றும். சாமான் ஏற்றவே முடியாது. மே முடிவிலிருந்து சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும், அப்போதும் கடல் குழப்பம். ஆக பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் நம்பிக்கையான காலம். அதிலும் ஒரு கவனம் வேண்டும். கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் வரும். அதை நடத்துவதில் நெடுந்தீவுப் பங்குக்கு முக்கியமான பொறுப்பு. அந்த வாரங்களில் போய் “வேலை எங்கே?” என்று நிற்காதீர்கள். அப்புறம் தவக்காலம், பெரிய கிழமை. புனித வாரத்தில் யாரும் கலவை போட மாட்டார்கள். தேதியை எல்லாம் பங்குத்தந்தையோடு நாட்காட்டியை விரித்து வைத்துப் பேசுங்கள்.

தீவு முழுக்கப் பவளக்கல் கிடக்கிறதே, அதை எடுத்துக் கட்டலாமே?

முடியாது. முன்னோர் அப்படித்தான் கட்டினார்கள். கோயில், வீடு, பழைய கோட்டை, வளவைச் சுற்றிய வேலி எல்லாம் அந்தக் கல்தான். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய அந்த வேலிகளைப் பார்ப்பதற்கென்றே ஒருமுறை போகலாம். ஆனால் 1988இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, கரையோர வலயத்தில் பவளம் தோண்டுவதும் எடுத்து வைத்திருப்பதும் சுண்ணாம்புக்காகச் சுடுவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், அலையைத் தடுத்துத் தீவைக் காப்பதே அந்தப் பவளப்பாறைதான்.

விழுந்த பழைய சுவரின் கல்லைத் திரும்பப் பாவிக்கலாம். அதை எண்ணி, அளவு பார்த்து, நிழலில் அடுக்கி வைப்பது தொண்டர்களுக்கு ஏற்ற வேலை. யாருடைய வளவு வேலியிலிருந்தும் ஒரு கல்லும் எடுக்காதீர்கள். வீட்டுக்காரர் கனடாவில் இருக்கலாம், ஆனால் அந்த வேலி யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மணலும் தண்ணீருமா பிரச்சினை? சுற்றிலும் கடல்தானே?

சுற்றிலும் கடல் என்பதுதான் பிரச்சினை.

கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. அதைக் கொங்கிரீட்டில் போட்டால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிரீட் வெடிக்கும். ஐந்தாறு வருடத்தில் கொங்கிரீட் விட்டத்தின் அடிப்பக்கம் பொரிந்து விழுவதைத் தீவுகளின் எத்தனையோ கட்டடங்களில் பார்க்கலாம். ஆகவே மணல் குடாநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அனுமதிப் பத்திரத்தோடு வர வேண்டும். வந்து சேர்ந்ததும் கடற்காற்றின் ஈரம் படாமல் மூடி வைக்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். தீவில் சில இடங்களில் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. மற்ற இடங்களில் உவர். ஒரு 50 கிலோ மூட்டைச் சீமெந்துக்கு ஏறத்தாழ 25 லீற்றர் தண்ணீர் போகும். நாற்பது மூட்டை கலக்கும் நாளில் ஆயிரம் லீற்றர். அது கலவைக்கு மட்டும். பிறகு நாள்தோறும் ஊற்றும் தண்ணீர் தனி. இத்தனையும் உவரில்லாத தண்ணீராக இருக்க வேண்டும். கோடையில் அதே கிணற்றில்தான் ஊர்ச்சனம் குடத்தோடு நிற்கிறது.

எங்கள் கோயிலுக்கு அடுத்த வளவு ஒரு சைவக் குடும்பத்துடையது. கிணறு அவர்களுடையது. “சாமிக்குத்தானே, அள்ளுங்கோ” என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். அவர் சொன்னார் என்பதற்காக நாங்கள் பகல் முழுக்க அள்ளவில்லை. மேசன் ஒரு ஒழுங்கு வைத்தார். ஊர் குளித்து, குடித்து, ஆடு மாட்டுக்கு வைத்து முடிந்த பின், இரவு எட்டு மணிக்கு மேல் நாங்கள் அள்ளித் தாங்கியை நிரப்புவோம். பத்து நாளும் அதுதான் என் வேலை. நிலவில்லாத இரவில் வாளி தண்ணீரைத் தொடும் சத்தத்தை வைத்தே கிணற்றில் எவ்வளவு மிச்சம் என்று அந்த அம்மா முற்றத்தில் இருந்தபடியே சொல்லுவார்.

கம்பியைப் பற்றி இன்னொன்று. கொங்கிரீட்டின் வெளிப்பக்கத்துக்கும் கம்பிக்கும் இடையில் இரண்டு அங்குலம் விடச் சொல்லுங்கள். கடலோரத்தில் அதுதான் பாதுகாப்பு. கூரைக்கு இரும்புத் தகரம் வேண்டாம், ஓடு நல்லது. கைமரத்துக்கு வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும்?

பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதானே சுலபம்?

சுலபம்தான். அதனால்தான் பல இடங்களில் இடித்துவிட்டார்கள். இடிக்காமல் முடியுமா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். முதல் பயணத்தில் பழைய பவளக்கல் சுவரின் பூச்சு உதிர்ந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் சீமெந்து பூசச் சொன்னார். நாங்களும் பூசினோம். வெள்ளையடித்த பிறகு அழகாக இருந்தது, படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். இரண்டு மாரி கழிந்து திரும்பிப் போனபோது பூச்சு குமிழ் குமிழாக எழும்பிப் பாளம் பாளமாக விழுந்துகொண்டிருந்தது. விழும்போது பழைய கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது.

காரணம் எளிது. பவளக்கல் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து வழியாக அந்த ஈரம் வெளியேறி உலரும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரமும் உப்பும் உள்ளே தங்கி, உப்பு பளிங்காகிப் பூச்சைத் தள்ளுகிறது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வேலை நடக்கும்போதே வந்து “சுண்ணாம்பல்லோ பூசவேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் யாரும் நின்று கேட்கவில்லை.

இரண்டாவது பயணம் முழுவதும் அந்தச் சீமெந்தைச் சுரண்டுவதிலேயே போனது. சிற்றுளியும் சுத்தியலும் வைத்து மெதுவாகத் தட்ட வேண்டும், கல் உடையக்கூடாது. பிறகு நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் ஊறவைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, மெல்லிய படைகளாகப் பூசினோம். ஒரு படை காய்ந்த பிறகே அடுத்தது. அந்தப் பெரியவருக்கு நாற்காலி போட்டு நிழலில் இருத்தினோம். சாந்தை விரலால் தொட்டுப் பார்த்துச் சரியா இல்லையா என்று சொன்னது அவர்தான்.

சுண்ணாம்பு வேலைக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

எங்கே தங்குவது? சாப்பாடு?

பங்குமனையில் அல்லது வீடுகளில். நாங்கள் போன காலத்தில் மின்சாரம் டீசல் இயந்திரத்திலிருந்து வந்தது, எல்லா நேரமும் எல்லாவற்றுக்கும் போதும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாப்பாடு சோறு, மீன், பனங்காய்க் காலமென்றால் பனங்காய்ப் பணியாரம். ஒவ்வொரு நாளும் ஒரு வீடு சமைத்துத் தரும். அந்த வீட்டுக்கு அது சின்னச் செலவு அல்ல. அரிசி, பருப்பு, மா, சீனி, தேயிலை எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்தில் வாங்கிப் பங்குமனைக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். உறையில் காசு வைத்து நீட்டினால் மனம் நோகும். தேத்தண்ணி வந்தால் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து குடியுங்கள்.

நான் கத்தோலிக்கன் அல்ல. வரலாமா?

வாருங்கள். பூசைக்கு வரும்படி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, அதை மதிக்க வேண்டும். பீடத்தையும் சுருவங்களையும் (சிலைகளையும்) இடம் மாற்றும்போது கோயிலைக் கவனிக்கும் சங்கிலித்தாம் சொல்கிறபடி மட்டும் செய்யுங்கள்.

பெண்கள் போகலாமா?

தாராளமாக. எங்கள் குழுவில் பாதிப்பேர் பெண்கள். கல் சுமந்ததிலும் அவர்கள் பாதி.

உடல்நலம்?

தீவில் வைத்தியசாலை உண்டு. பெரிய அவசரம் என்றால் கடல் கடந்து யாழ்ப்பாணம் போக வேண்டும், இரவில் அது எவ்வளவு கடினம் என்பதைத் தீவு ஆட்களிடம் கேட்டால் தெரியும். இதயநோய், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் காசு அனுப்புவதே நல்லது. ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டுக்கொண்டு வாருங்கள். வெயில் பத்து மணிக்கே சுடும்.

கச்சதீவுக் கோயிலையும் இப்படித் தொண்டர்கள்தான் கட்டினார்களா?

பழைய கோயிலை 1905இல் இராமநாதபுரத்துக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி கட்டினார் என்று சொல்லப்படுகிறது. இரு கரை மீனவருக்கும் அது பொதுவான கோயில். இப்போது இருக்கும் புதிய கோயிலை இலங்கைக் கடற்படை கட்டியது. 2016 டிசம்பரில் ஆசீர்வதித்துத் திறந்தார்கள். கச்சதீவில் நிரந்தரக் குடிகள் இல்லை. அதனால் நெடுந்தீவு வேலையோடு அதை ஒப்பிட முடியாது. நெடுந்தீவில் கோயிலுக்குப் பக்கத்தில் சவக்காலை இருக்கிறது, அதில் கட்டியவர்களின் தாய் தகப்பன் படுத்திருக்கிறார்கள். சுவரை எங்கே நகர்த்தலாம், எங்கே நகர்த்தக்கூடாது என்று அவர்கள் சொல்லும்போது அந்தக் கல்லறைகளும் கணக்கில் இருக்கின்றன.

பேசக்கூடாத விஷயம் ஏதாவது உண்டா?

கூடாது என்று இல்லை. நாமாகத் தொடங்கக்கூடாதது உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருந்தவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர், அவர்களில் குழந்தைகளும் பெண்களும். சிறிய தீவு. நீங்கள் மூட்டை தூக்கும்போது பக்கத்தில் நிற்பவர் அந்தப் படகில் யாரையாவது இழந்தவராக இருக்கக்கூடும். அவர் சொன்னால் கேளுங்கள். காணொளிக்காகக் கேட்காதீர்கள்.

வேலை முடிந்த பிறகு?

திறப்புவிழாவுக்குக் காசு சேர்ப்பது சுலபம், ஐந்தாம் வருடம் ஓடு மாற்றச் சேர்ப்பது கடினம். முதல் நாளே ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கி, பங்குச் சபையின் கணக்கில் போட்டுவிடுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் வெள்ளையடிக்க வேண்டும். ஓட்டில் பறவை போட்ட குப்பையைத் துப்புரவாக்க வேண்டும். இதைச் செய்யப்போவது நீங்கள் அல்ல, ஆகவே அவர்களால் செய்யக்கூடிய முறையிலேயே கட்ட வேண்டும். தீவில் கிடைக்காத பூட்டு, கிடைக்காத வர்ணம், கிடைக்காத கண்ணாடி எதையும் கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

சரி, யாரைத் தொடர்புகொள்வது? என்ன கொண்டுபோவது?

யாழ்ப்பாண ஆயர் இல்லத்துக்கு எழுதுங்கள். அவர்கள் பங்குத்தந்தையோடு இணைத்துவிடுவார்கள். பதில் வர ஒரு மாதம் ஆகலாம். படகு ஓடாத நாட்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

கொண்டுபோக: தடித்த கையுறை இரண்டு சோடி, மூடிய சப்பாத்து, கண்ணாடி, தொப்பி, தலைவிளக்கு, நல்ல தறப்பாள். கருவி எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், மேசனிடம் கேட்டு யாழ்ப்பாணத்தில் வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாவது பயணத்துக்கு முன் மூப்பரிடம் தொலைபேசியில் “என்ன கொண்டுவர?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, போன முறை எடுத்த படங்களைக் கழுவி எடுத்து வரச் சொன்னார். மேசன், ஓடாவி, கிணற்று வீட்டு அம்மா, சாந்து தொட்டுப் பார்த்த பெரியவர் எல்லோரும் இருக்கும் படங்கள். நாற்பது படம் அச்சடித்துக்கொண்டு போனேன். பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் படத்தை அவருடைய மகளிடம் கொடுத்தேன்.